நியூட்டன் சாவடியில் ஏஜென்ட் இல்லை

'நியூட்டன்' படத்தை முதல் தடவை 2017-ல் தியேட்டரில் பார்த்தேன். ரொம்பப் பிடித்திருந்தது. பார்க்காதவர்களிடம் எல்லாம் பார்க்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது தடவை 2022 பிப்ரவரி கடைசியில், வீட்டில். தாம்பரம் மாநகராட்சித் தேர்தலில் பி.ஓ. டூ வேலை பார்த்துவிட்டு வந்த மறு வாரம் அது. பாதிப் படத்துக்கு மேல் எரிச்சலாக வந்தது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. போன மாதம் மூன்றாவது தடவை பார்த்தேன். இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நூதன் குமார் என்ற தன் பெயரை நியூட்டன் என்று தானே மாற்றிக்கொண்ட ஓர் அரசாங்க கிளார்க். தேர்தல் வேலைக்கு ரிசர்வ் பட்டியலில் இருக்கிறான். போக வேண்டியவர் பயந்து பின்வாங்க, சத்தீஸ்கரில் மாவோயிஸ்ட் பகுதிக் காட்டுக்குள் இருக்கும் ஒரு சாவடிக்குத் தலைமை அலுவலராகப் போகிறான். அங்கே மொத்தம் 76 வாக்காளர்கள். பாதுகாப்புக்கு வரும் படையின் அதிகாரி ஆத்மா சிங்குக்கு, எதையாவது பண்ணிச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும். நியூட்டனுக்கு விதிப்படி கடைசி நிமிடம் வரை சாவடி திறந்திருக்க வேண்டும். ராஜ்குமார் ராவும் பங்கஜ் திரிபாதியும் அந்த இழுபறியைத்தான் படம் முழுக்க நடிக்கிறார்கள். அமித் மசூர்கர் இயக்கம். அந்த வருஷம் இந்தியா ஆஸ்கருக்கு அனுப்பிய படம்.

முதலில் படம் சரியாகப் பிடித்த விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் பட்டியல் என்ற ஒன்று இருப்பதும், அதில் இருப்பவன் மனசுக்குள் "கூப்பிட மாட்டாங்க" என்று நம்பிக்கொண்டே இருப்பதும். பயிற்சி வகுப்பில் பாதிப் பேர் போனைப் பார்ப்பது. சஞ்சய் மிஸ்ரா நடித்த பயிற்சியாளர், நியூட்டனிடம் உன் பிரச்சினை நேர்மை இல்லை, நேர்மையைப் பற்றிய கர்வம்தான் என்கிற மாதிரி சொல்லும் இடம். படத்திலேயே புத்திசாலித்தனமான காட்சி அது. துரதிர்ஷ்டம், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் படமே அந்தக் கர்வத்தில் மயங்கிவிடுகிறது.

தமிழ் சினிமாவில் இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளே கிடையாது. யோசித்துப் பாருங்கள். தேர்தல் இல்லாத அரசியல் படம் நம்மிடம் அபூர்வம். 'அமைதிப்படை'யில் (1994) வாக்கு எண்ண எண்ண சத்யராஜ் உட்காரும் விதம் மாறும் காட்சியை யாரும் மறக்க மாட்டோம். எண்ணிய கைகள் யாருடையவை என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. 'சர்கார்' (2018) தன் ஓட்டை வேறொருவன் போட்டுவிட்டான் என்பதில் தொடங்கி 49-பி என்ற விதியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. நல்ல காரியம். எங்கள் பயிற்சி வகுப்பிலேயே டெண்டர் ஓட்டு என்று ஆரம்பித்ததும் பின்வரிசையில் யாரோ "சர்கார் ஓட்டு" என்றார்கள். ஆனால் அந்த ஓட்டை மாற்றிப் போட விட்ட சாவடியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், அடையாளம் பார்க்கும்போது என்ன நடந்தது என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை.

உள்ளாட்சித் தேர்தல் பற்றித் தமிழில் வந்ததில் சிறந்தது என்று 'மண்டேலா'வைச் சொல்வேன். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு டிவியில் போட்டார்கள். சூரங்குடியில் இரண்டு பக்கமும் ஓட்டு சமமாக நிற்க, ஊரே ஒதுக்கி வைத்திருந்த முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டுதான் தலைவரைத் தீர்மானிக்கும் என்ற நிலை. அந்த ஒரு ஓட்டுக்கு என்னென்ன விலை, என்னென்ன அவமானம் என்பதை மடோன் அஸ்வின் எழுதியிருக்கும் விதம் பிரமாதம். பெயரே இல்லாத மனிதனுக்குப் பெயர் வாங்கித் தருவது தபால் ஆபீஸ் தேன்மொழி. அரசாங்க வேலையில் இருக்கும் ஒரு பெண் தன் மேஜையிலிருந்து செய்யக்கூடிய சின்னக் காரியம் எவ்வளவு பெரியது என்று காட்டிய படம், ஓட்டுச் சாவடி மேஜைக்கு வரும்போது மட்டும் கண்ணைத் திருப்பிக்கொள்கிறது.

அந்த மேஜைக்கு ஆள் எப்படி வருகிறது? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விருப்பப்பட்டவர்கள் விண்ணப்பம் போட்டு வருகிறார்கள். மெக்சிகோவில் பிறந்த மாதத்தையும் பெயரின் எழுத்தையும் வைத்துக் குலுக்கல். ஸ்பெயினிலும் குலுக்கல்தான். டீக்கடைக்காரருக்கும் வரலாம், டாக்டருக்கும் வரலாம். நமக்கு ஆர்டர். தலைமை ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு கட்டுத் தாளோடு வருவார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு ஆசிரியர்களைப் பிற வேலைகளுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு, உடனே மூன்று விலக்கு வைக்கிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். அந்தத் தேர்தலில் உள்ளாட்சியும் உண்டு என்று தனியாகவே எழுதியிருக்கிறது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆசிரியர்களை முடிந்தவரை விடுமுறை நாட்களிலும் வகுப்பில்லாத நாட்களிலும் பயன்படுத்துங்கள் என்றது. பிப்ரவரி 19 சனிக்கிழமை. ஆக, தீர்ப்பை மீறவில்லை.

ஆர்டர் வந்ததும் ஸ்டாஃப் ரூம் இரண்டாகப் பிரியும். மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கு ஓடுகிறவர்கள், ஓடாதவர்கள். நான் ஓடாததற்குக் காரணம் குடிமைப் பற்று என்று சொன்னால் அது பொய். எனக்குச் சொல்லிக்கொள்ளும்படியான நோய் எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

இந்தத் தேர்தல் வந்ததே பெரிய கதை. நகர்ப்புற உள்ளாட்சிக்குத் தமிழ்நாடு அதற்கு முன் ஓட்டுப் போட்டது 2011-ல். 2016-ல் அறிவித்தது நீதிமன்றத்தில் ரத்தாகி, அப்புறம் தள்ளித் தள்ளிப் போய் 2022. அதாவது எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, விவரம் தெரிந்த பிறகு கவுன்சிலர் தேர்தலையே பார்க்காமல் வளர்ந்திருந்தது. இதற்கிடையில் 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். 70 வார்டு. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. நான் போன சாவடி அனகாபுத்தூர் பக்கம். வரிசையில் நின்ற பாதிப் பேர் அப்போதும் "முனிசிபாலிட்டி எலெக்சன்" என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாலு மாதம் முன்பு, 2021 அக்டோபரில், செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. முடிச்சூர், மேடவாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் எல்லாம் அப்போது கிராம ஊராட்சிதான். நம்ப முடியாது, ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நடுவே நின்றுகொண்டு ஊராட்சித் தலைவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அங்கே மெஷின் கிடையாது, பெட்டிதான். ஒருவருக்கு நாலு சீட்டு: வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். அந்த டியூட்டி பார்த்த என் தோழி, மத்தியானத்துக்கு மேல் கலர் எதைப் பார்த்தாலும் தலை சுற்றியது என்றாள். எது எந்தச் சீட்டு என்று கேட்கும் பாட்டிக்குப் பதில் சொல்லவும் வேண்டும், யாருக்குப் போடுவது என்ற பக்கம் ஒரு சொல்லும் நழுவக் கூடாது. எனக்கு மெஷின். நான் அதிர்ஷ்டக்காரி என்றாள்.

பயிற்சி வகுப்பில் தரும் கையேட்டை ஓர் இலக்கியப் பிரதியாக வைத்துப் படித்துப் பாருங்கள். சும்மா சொல்லவில்லை. அதில் மனிதர்களே கிடையாது. "முத்திரையிடப்பட வேண்டும்", "பதிவு செய்யப்பட வேண்டும்", "ஒப்படைக்கப்பட வேண்டும்". எல்லாமே செயப்பாட்டு வினை. பத்தாம் வகுப்புக் கட்டுரையில் இப்படி எழுதினால் நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். ஆனால் இரண்டாவது தடவை படிக்கும்போது ஒன்று தட்டுப்பட்டது. அந்தச் செயப்பாட்டு வினைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஒரு கூட்டம் வருகிறது: முகவர்கள். மாதிரி வாக்குப்பதிவு முகவர்கள் முன்னிலையில். காகித முத்திரையில் முகவர்கள் கையெழுத்து. கணக்குத் தாளின் நகல் முகவர்களுக்கு. கையேடு தன் அலுவலரை நேர்மையானவர் என்று எங்கேயும் நம்பவில்லை. அவரைச் சுற்றி, அவர் தவறு செய்தால் லாபம் அடையக்கூடிய ஒருவரையும், அதனால் நஷ்டம் அடையக்கூடிய இன்னொருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது.

முதல் நாள் மதியம்தான் எந்தச் சாவடி என்று தெரிந்தது. அதுவரை பார்த்தே இராத நாலைந்து பேர் ஒரு வகுப்பறையில் சேர்ந்தோம். தலைமை அலுவலர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், ஓய்வுக்கு ஒன்றரை வருஷம். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாமான் வந்து இறங்கியதும் பட்டியல் வைத்துச் சரிபார்த்தோம்: மை, அரக்கு, மெழுகுவர்த்தி, உறைகள், உறைக்குள் வைக்க உறைகள், கோவிட் காலம் என்பதால் கையுறையும் சானிடைசரும். ராத்திரி பெண்கள் நாங்கள் இரண்டு பேர் பக்கத்து வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். கொசு. கழிப்பறை பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நியூட்டனில் காட்டுக்குள் நடந்து போகும் தூரத்தை விரிவாகக் காட்டுகிறார்கள். ஒரு பெண் தலைமை அலுவலரை வைத்து இதே படத்தை எடுத்திருந்தால் முதல் அரை மணி நேரம் வேறு மாதிரி இருந்திருக்கும். அதற்கு ஈரானியப் படம் ஒன்று இருக்கிறது: பாபக் பயாமியின் 'ராயே மக்ஃபி' (2001). விமானத்திலிருந்து பாராசூட்டில் ஓட்டுப் பெட்டி இறங்கும். பின்னாலேயே ஓர் இளம்பெண் வந்து, ஒரு சிப்பாயின் ஜீப்பில் தீவெல்லாம் சுற்றி வாக்கு சேகரிப்பாள். அதிலும் கழிப்பறை இல்லை. ஆனால் அவள் களைத்துப் போவது தெரியும். நியூட்டன் களைப்பதே இல்லை.

காலையில் மாதிரி வாக்குப்பதிவு முடித்து 7 மணிக்கு ஆரம்பித்தோம். என் வேலை: பதிவேட்டில் வரிசை எண் போட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, சீட்டுக் கொடுத்து மெஷின் தம்பியிடம் அனுப்புவது. அவர் சீட்டை வாங்கிக்கொண்டு பட்டனை அழுத்தினால்தான் உள்ளே ஓட்டுப் போட முடியும்.

பெஞ்சில் முகவர்கள். உள்ளாட்சித் தேர்தலின் ருசியே இவர்கள்தான். சட்டமன்றத்துக்கு வரும் முகவர் கட்சிக்காரர். வார்டுக்கு வரும் முகவர் எதிர் வீட்டுக்காரர். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அவர்களிடம் ஒரு சரித்திரம் இருக்கிறது. "இவரு ரெண்டாவது பையன், மூத்தவன் ஓசூர்ல இருக்கான்." "அந்தம்மா வீடு மாறிப் போயிடுச்சே, பேரு இன்னும் இங்கேயா இருக்கு?" காலையில் இது எனக்கு இரைச்சலாக இருந்தது. பத்து மணிக்கு ஒருவர் என் பேனா எழுதும் வேகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார். திரும்பி முறைத்தேன். டீ வந்ததும் அவர்தான் முதல் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

கடைசி மணி நேரம், 5-லிருந்து 6 வரை, கோவிட் தொற்று உள்ளவர்களுக்கு. எங்கள் சாவடிக்கு யாரும் வரவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முகவர்கள் காற்று வாங்க வராண்டாவுக்குப் போயிருந்தார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் கணக்கைப் பார்த்துவிடலாம் என்று தம்பி மொத்தம் காட்டும் பட்டனை அழுத்தினார். 537. என் பதிவேட்டில் கடைசி எண் 538.

கையுறைக்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பதிவேடு என்னுடையது. முதலில் வந்த நினைப்பு, எங்கேயோ ஓர் எண்ணைத் தாண்டிவிட்டேன் என்பது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். தாண்டவில்லை. தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், இன்னும் க்ளோஸ் பண்ணலை. ஒண்ணு அழுத்திட்டா டேலி ஆயிடும்."

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே சீ என்று சொல்லவில்லை. ஒரு நொடி மெஷினைப் பார்த்தேன். வராண்டாவைப் பார்த்தேன். யாருக்காவது சாதகம் செய்யும் எண்ணம் துளியும் இல்லை. எந்தப் பட்டனாக இருந்தால் என்ன, கணக்கு சரியானால் போதும், சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும். நியூட்டன் படத்தில் இந்த ஆசைக்கு இடமே இல்லை. அங்கே தப்பு செய்பவன் ஆத்மா சிங், வெளியிலிருந்து துப்பாக்கியோடு வருகிறான். எனக்குள்ளிருந்து வந்தது கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்ற, பள்ளிக்கூடத்தில் நான் தினமும் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு.

தலைமை அலுவலர் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. ஜனநாயகம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அழுத்தினா அதையும் எங்கயாவது எழுதணுமே டீச்சர். எங்க எழுதுவீங்க?" என்றார். பிறகு தம்பியிடம், "சீட்டை எண்ணு" என்றார். நான் கொடுத்த சீட்டுகள் அவர் டப்பாவில். எண்ணினால் 537. அப்படியானால் என்னிடம் கையெழுத்துப் போட்டுச் சீட்டு வாங்கிய யாரோ ஒருவர் மெஷினுக்குப் போகவே இல்லை. எப்படி?

"உள்ள கூப்பிடுங்க அவங்களை" என்றார் தலைமை அலுவலர். நான் தயங்கினேன். நம் குளறுபடியை நாமே போட்டிக் கட்சிகள் முன்னால் விரிப்பதா? வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஐந்து விநாடி அமைதி. என் எழுத்து வேகத்தைக் குறை சொன்னவர்தான் முதலில் பேசினார்.

"அந்த ஆயா! மை வச்சதும் மயக்கம் வருதுன்னு சொல்லலை? மவன் வந்து கூட்டிக்கினு போயிட்டானே. பதினோரு மணி இருக்கும்."

எதிர்க்கட்சி முகவர், காலையிலிருந்து இவரோடு எதற்கும் ஒத்துப்போகாதவர், தலையை ஆட்டினார். "ஆமாண்ணே. திரும்பி வரவே இல்ல. நம்ம தறிக்காரர் வீட்டு அம்மா." எனக்கும் ஞாபகம் வந்தது. கை நடுங்கிக்கொண்டே வைத்த கைநாட்டு பதிவேட்டில் இருந்தது. அப்போதே குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். கூட்டம் நெருக்கியதில் யாரும் எழுதவில்லை. என் தவறுதான். தலைமை அலுவலர் நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினார். கணக்கில் 538, 537, வித்தியாசம் 1, காரணம். முகவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் தன் நகலைப் போன் வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார்.

மூன்றாவது தடவை நியூட்டன் பார்த்தபோது என்னை உறுத்தியது இந்தப் பெஞ்ச்தான். அந்தச் சாவடியில் நியூட்டனைக் கேள்வி கேட்கும் முகவர்களே இல்லை. உள்ளூர் ஆசிரியை மல்கோ இருக்கிறாள், அவள்தான் படத்தின் நிதானம். ஆனால் பேனா வேகத்தைக் குறை சொல்ல, நகலை இரண்டு தடவை படிக்க, அவனைச் சந்தேகப்பட ஆள் கிடையாது. அதனால்தான் நேர்மை முழுவதும் ஒற்றை ஆளின் முதுகில் ஏறுகிறது. அதனால்தான் கடைசியில் அவன் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, குறித்த நேரம் முடியும் வரை படையினரையே குறி வைத்து நிற்க வேண்டி வருகிறது. அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் கை தட்டினோம். நானும்தான்.

படத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அந்தக் காட்டில் முகவர் வராததே அங்குள்ள பிரச்சினை. வேட்பாளர் யாரென்றே தெரியாத மக்களிடம் வாக்குச் சாவடியை மட்டும் ஹெலிகாப்டரில் இறக்கினால் என்ன ஆகும் என்பதைப் படம் காட்டுகிறது, சிரிக்க வைத்தே காட்டுகிறது. நான் குறை சொல்வது, இல்லாத பெஞ்சைப் படம் ஒரு குறையாக உணராமல், கதாநாயகனுக்குக் கிடைத்த காலி மேடையாக எடுத்துக்கொண்டதை. அந்த மேடையில் தலைமை அலுவலர் கேட்ட கேள்விக்கு இடமில்லை. "எங்க எழுதுவீங்க?" என்று கேட்பவனை வைத்துப் படம் எடுப்பது கஷ்டம்தான். ஆனால் தபால் ஆபீஸ் மேஜையை வைத்து 'மண்டேலா'வில் எடுக்க முடிந்ததே.

நாங்கள் சாமானை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப இரவு பத்தரை தாண்டிவிட்டது. எங்கள் சாவடி வார்டில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் ஒரு ஓட்டைவிட நிறையவே அதிகம் என்று 22-ம் தேதி தெரிந்தது. அந்த அம்மா தேறிவிட்டாரா என்று கேட்க அந்த எழுத்து வேக அண்ணனின் நம்பரை வாங்கியிருக்கலாம். தோன்றவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் கரும்பலகையில் எழுதும்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி என் வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மை வைத்தே இரண்டும் கறுத்துப் போயிருந்தன. இடது விரலில் ஒன்றும் இல்லை, எனக்குத் தபால் ஓட்டு.

"மிஸ், நீங்க மட்டும் ரெண்டு ஓட்டு போட்டீங்களா?" என்றாள்.